கதையின் கடைசிச் சொல்

எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றால் ஏ9 வீதி தெரியும். கண்டியில் தொடங்கி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை தாண்டி அலவத்துகொடைக்கு வந்து, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று நீண்டு யாழ்ப்பாணத்தில் போய் முடிகிற வீதி. காலையில் பாடசாலைக்குப் போக நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதிர்ப்பக்கமாக ‘யாழ்ப்பாணம்’ என்று பலகை போட்ட பஸ் ஒன்று போகும். ஆறாம் வகுப்பிலிருந்து அதைப் பார்த்து வருகிறேன். அந்தப் பலகையில் எழுதியிருப்பது என் உம்மாவின் ஊர் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் தெரிந்த விஷயத்தைப் பற்றி ஒரு நாளாவது நின்று யோசித்ததில்லை. இந்த வருடம் என்னை யோசிக்க வைத்தது ஒரு பழைய ஆங்கிலக் கதைப் புத்தகம்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் என் நானா, நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு வந்தபோது அதைக் கொண்டு வந்தார். மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். அட்டை கிழிந்து, தாள்கள் தேயிலைச் சாயம் பட்டது போல் மஞ்சளித்திருந்தன. ‘எக்ஸ்பெடிஷன் டு ஏர்த்’, ஆர்தர் சி. கிளார்க் எழுதியது. “இவர் எங்கட கெம்பஸ்ல வேந்தரா இருந்தவர். உனக்குப் பிடிக்கும், வாசி” என்றார்.

வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “உயர்தரம் படிக்கிற புள்ளைக்குக் கதைப் புத்தகம் என்னத்துக்கு?” என்று கடையிலிருந்து வந்த களைப்போடு கேட்டார். “விஞ்ஞானக் கதை வாப்பா” என்று நானா எனக்காகப் பரிந்து பேசினார். “விஞ்ஞானத்தப் படிக்கச் சொல்லு. கதையப் பொறகு பார்க்கலாம்” என்றார் வாப்பா. ஆகவே இஷாவுக்குப் பிறகு, இணைந்த கணிதக் கணக்குகளை முடித்துவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு பக்கங்கள் என்று அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். தெரியாத சொற்களின் கீழ் பென்சிலால் கோடிட்டேன். முதல் கதை முடியும்போது பக்கமெல்லாம் கோடாக இருந்தது. கடைசிக் கதைகளில் கோடு குறைந்திருந்தது.

ஆர்தர் சி. கிளார்க்கை நம்மில் பலர் பெயரளவில் அறிவோம். 1917இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வைக்கப்படும் செய்மதி, பூமியோடு சேர்ந்து சுழல்வதால் ஒரே இடத்தில் நிற்பது போலிருக்கும். அப்படி மூன்று செய்மதிகள் இருந்தால் உலகம் முழுவதும் தொடர்பு கொள்ளலாம் என்று 1945இலேயே எழுதியவர். அந்த உயரத்தைக் கணிக்கும் கணக்கை நாங்கள் இப்போது பௌதிகவியலில் செய்கிறோம். 1956இல் இலங்கைக்கு வந்து தங்கியவர், 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இந்த நாட்டிலேயே வாழ்ந்தார். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார்.

என் கையில் கிடைத்தது அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி. வெளிவந்தது 1953இல். அப்போது அவர் இங்கே குடியேறவில்லை. மனிதன் விண்வெளிக்கே போகவில்லை. யூரி ககாரின் போனது 1961இல்தான். பதினொரு கதைகள். அவற்றில் ‘த சென்டினல்’ என்ற கதையை 1948இல் பிபிசி நடத்திய ஒரு போட்டிக்காக எழுதினாராம். பரிசு கிடைக்கவில்லை. நிலாவின் மலையொன்றில், மனிதர்கள் தோன்றுவதற்கு முன்பே யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு சிறிய கூர்ங்கோபுரத்தைக் கண்டுபிடிக்கும் கதை அது. அந்தக் கதையின் விதையிலிருந்துதான் இருபது வருடங்களுக்குப் பிறகு, 1968இல், ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்ற உலகப் புகழ்பெற்ற திரைப்படம் பிறந்தது.

‘பிரேக்கிங் ஸ்ட்ரெய்ன்’ என்று இன்னொரு கதை. விண்கல் மோதிய ஒரு கப்பலில் இரண்டு பேர். மிஞ்சியிருக்கும் ஒட்சிசன் ஒருவர் மட்டும் உயிரோடு போய்ச் சேரப் போதும். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று நாம் முதலில் நினைப்பது முடிவில் அப்படியே இருப்பதில்லை. இந்தக் கதையை வகுப்பு இடைவேளையில் தோழிகளுக்குச் சொன்னபோது, இரண்டாம் மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

‘ஹிஸ்டரி லெசன்’ என்றொரு கதையும் இருக்கிறது. பூமி முழுவதும் பனியால் மூடப்படுகிறது. கடைசியாக எஞ்சிய ஒரு சிறு கூட்டத்தார், தங்கள் முன்னோர் புனிதமாகக் காத்து வந்த சில பொருட்களை ஒரு மலையில் வைத்துவிட்டு அழிந்து போகிறார்கள். அவற்றில் ஒரு படச்சுருளும் இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்பு வெள்ளிக் கிரகத்திலிருந்து வரும் விஞ்ஞானிகள் அதை எடுத்துப் போய்ப் போட்டுப் பார்க்கிறார்கள். மனிதர்கள் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள், இப்படித்தான் ஒருவரையொருவர் துரத்தி அடித்திருக்கிறார்கள் என்று மரியாதையோடு ஆராய்கிறார்கள். கடைசியில்தான் நமக்குத் தெரிகிறது, அவர்கள் பார்ப்பது ஒரு வோல்ட் டிஸ்னி கார்ட்டூன் படம் என்று. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

நான் எழுத வந்தது இந்தத் தொகுதியில் உள்ள மிகச் சிறிய கதைகளில் ஒன்றைப் பற்றி. ‘பூமியே, உன்னை நான் மறந்தால்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட மக்கள், தங்கள் ஊரை மறக்க மாட்டோம் என்று பாடியதாகச் சங்கீதம் 137இல் வருகிறது. தலைப்பு அங்கிருந்து எடுக்கப்பட்டது. கதை 1951இல் வெளிவந்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து ஆறே வருடங்கள்.

மார்வின் என்ற பையனுக்குப் பத்து வயது. நிலாவின் தரைக்குக் கீழே அமைந்த ஒரு குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். ஒருநாள் அவனுடைய தந்தை அவனை முதன்முறையாக வெளியே கூட்டிச் செல்கிறார். காற்றில்லாத வெளியில் நெடுந்தூரம் வாகனம் ஓடுகிறது. எங்கே போகிறோம் என்று தந்தை சொல்லவில்லை. கடைசியில் அடிவானத்தில், அவன் அதுவரை காணாத அழகோடு, பிறை வடிவில் பூமி தெரிகிறது. நீலம், வெள்ளை, பச்சை. பிறகு அந்தப் பிறையின் இருண்ட பகுதியைப் பார்க்கிறான். அங்கே ஒரு கெட்ட ஒளி மினுங்கிக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு அணுகுண்டுகளால் தங்கள் ஊரையே எரித்துவிட்டார்கள். அந்த நஞ்சு அடங்கப் பல தலைமுறைகள் ஆகும். மார்வின் ஒருநாளும் அங்கே போக முடியாது. அவன் பிள்ளையும் போக முடியாது. ஆனால் அவனும் ஒருநாள் தன் மகனை இதே இடத்துக்குக் கூட்டி வந்து காட்ட வேண்டும். திரும்பிப் போகும் ஆசை இல்லாவிட்டால் அந்த மக்கள் வாழும் ஆசையையே இழந்துவிடுவார்கள். இதைப் புரிந்துகொண்ட பையன், திரும்பும் வழியில் பின்னால் பார்க்கவே இல்லை.

நிலா எப்போதும் தன் ஒரே பக்கத்தையே பூமிக்குக் காட்டுகிறது. அதனால் நிலாவின் மறுபக்கத்தில் வாழும் ஒருவருக்கு, ஆயுள் முழுவதும் காத்திருந்தாலும் பூமி உதிக்காது. அவர் எழுந்து, எல்லை வரை பயணம் செய்தால்தான் பார்க்கலாம். சூரியனும் நட்சத்திரங்களும் தானாக வரும். பூமியைப் பார்க்க மட்டும் போகத்தான் வேண்டும். இதைப் பௌதிகவியல் கொப்பியின் ஓரத்தில் படம் வரைந்து விளங்கிக்கொண்ட இரவில்தான், பத்து வயது என்ற சொல் என்னை உறுத்தத் தொடங்கியது. உம்மாவுக்கும் அப்போது பத்து வயது.

உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்று சொல்லப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி நடந்தது. இரண்டு மணித்தியால அவகாசம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுவும் வாசித்துத் தெரிந்தது. உம்மா ஒன்றும் சொன்னதில்லை. புத்தளத்துக்கு உம்மும்மாவைப் பார்க்கப் போகும்போது பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், “போய் விளையாடுங்க” என்று எங்களை எழுப்பிவிடுவார். வியாபாரத்துக்குப் புத்தளம் போய் வந்த வாப்பாவை மணமுடித்து அலவத்துகொடைக்கு வந்த பிறகு, இந்த ஊர்ப் பெண்களைப் போலவே பேசப் பழகிக்கொண்டார். ‘ஓ’ என்றுதான் சொல்வார். உம்மும்மாவுடன் தொலைபேசியில் கதைக்கும்போது மட்டும் அது ‘ஓம்’ ஆகிவிடும்.

அந்தக் கதையைத் தமிழில் எழுதி உம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். உம்மாவைப் பேச வைக்கும் தந்திரம் என்று நானா பிறகு கேலி செய்தார். உண்மையில் அப்படித்தான். ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு வாரம் எழுதினேன். எல்லாம் சரியாக வந்தது, கதையின் கடைசிச் சொல்லைத் தவிர. ‘எக்ஸைல்’ என்ற சொல். தன் மண்ணைப் பிரிந்து, அங்கே போக முடியாமல் இருக்கும் நிலை. அதற்குத் தமிழ் என்ன? ‘நாடுகடத்தல்’ என்றது அகராதி. அது நீதிமன்றத் தீர்ப்புப் போல் இருந்தது. கொப்பியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு, உம்மா பாடசாலைச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தார். புதிய தவணை தொடங்கப் போவதால் நிறைய ஓடர் இருந்தது. நான் மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். மார்வின் வாகனத்தில் ஏறும்வரை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூமி தெரியும் இடத்தில் நின்றுவிட்டது. நூல் அறுந்துவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அறவில்லை.

வாசித்து முடித்ததும் உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

“அந்த வாப்பா செய்தது சரியில்ல.”

“ஏன் உம்மா?”

“பத்து வயசுப் புள்ள. அது பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தது. இனி அதுக்கு விளையாட மனம் வருமா? போக ஏலாத ஊரைக் காட்டி, நீயும் உன்ட புள்ளைக்குக் காட்டு என்று சொல்றது பெரிய பாரம், மகள். நான் அந்த வயசில தூக்கினேன். அதனாலதான் உங்க ரெண்டு பேருக்கும் தரல்ல.”

இத்தனை வருடங்கள் உம்மா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அல்லது சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். எங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் பேசாமல் இருந்தார் என்பது என் மனதில் வந்ததே இல்லை.

அன்றிரவு உம்மா எழுந்து அலுமாரியைத் திறந்தார். அடித்தட்டில் ஒரு சிறிய சட்டை எப்போதும் இருக்கும். மஞ்சள் நிறம், மங்கிய பூக்கள். அதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது நான் சிறுபிள்ளையாக இருந்தபோது போட்டது, ஞாபகத்துக்காக உம்மா வைத்திருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். தோழிகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது என்னுடையதல்ல. ஆயுதம் ஏந்தியவர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போன அந்தக் காலையில், பையில் ஒரு மாற்றுடுப்புக்கு மேல் எடுக்க முடியாது என்று உம்மும்மா தன் மகளுக்கு இரண்டு சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக உடுத்திவிட்டார். உள்ளே போட்டது இது. வெக்கையில் வியர்த்துக் கொட்டியது உம்மாவுக்கு நினைவிருக்கிறது. அடுத்த தெருவின் சந்தியில் ஒரு தமிழ் மாமி அழுதுகொண்டு நின்றது நினைவிருக்கிறது. அன்றைக்குக் கணக்குப் பாடத்தில் வீட்டுவேலை செய்யாமல் இருந்ததால், பாடசாலை இல்லை என்று கேட்டதும் முதலில் சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது. “அந்தச் சந்தோஷத்தை நினைச்சால்தான் இன்னும் கஷ்டமா இருக்கு” என்றார்.

வெள்ளிக் கிரகத்து விஞ்ஞானிகளைப் பார்த்துச் சிரித்தவள் நான். ஒரு மக்கள் விட்டுச் சென்றதைக் கையில் எடுத்து, அதன் கதையை முழுவதும் பிழையாக வாசித்தார்கள் என்று சிரித்தேன். எங்கள் அலுமாரியில் இருந்த சட்டையைப் பதினேழு வருடங்கள் நானும் அப்படித்தான் வாசித்திருக்கிறேன்.

பிறகு உம்மாவிடம் கேட்டேன், திரும்பிப் போய்ப் பார்க்கவே இல்லையா என்று. ஒருமுறை போயிருக்கிறார். ஏ9 வீதி 2002இல் திறக்கப்பட்ட பின்பு, 2004இல், கைக்குழந்தையாக இருந்த நானாவைத் தோளில் போட்டுக்கொண்டு. வீட்டுக்குக் கூரை இல்லை. அடுப்படி இருந்த இடத்தில் ஒரு வேப்பமரம் வளர்ந்திருந்தது. நானா அந்த மரத்தடியில் தூங்கினாராம். மார்வினைப் போல் நானாவும் கூட்டிச் செல்லப்பட்டிருக்கிறார். ஆனால் அவருக்கு ஞாபகமில்லை. 2006இல் வீதி மறுபடியும் மூடப்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்து திறந்தபோது நாங்கள் பாடசாலை, கடை, தையல் என்று இந்த ஊரில் வேரூன்றிவிட்டோம்.

“உனக்கு ஊர் அலவத்துகொடதான்” என்றார் உம்மா. “இங்க பொறந்தாய். இங்க படிக்கிறாய். உனக்கு ஒரு ஊர் முழுசா இருக்கட்டும் என்று நினைச்சேன். பாதி இங்க, பாதி அங்க வேணாம்.”

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் முழுமையாக இல்லை. மார்வினின் தந்தை அவனுக்கு ஒரு துக்கத்தைக் கொடுத்தார். அதோடு வாழ்வதற்கு ஒரு காரணத்தையும் கொடுத்தார். உம்மா எனக்கு இரண்டையும் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பயமில்லாமல் ‘என் ஊர்’ என்று சொல்ல ஓர் ஊரைத் தந்தார். பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைத்தெருவில் தண்ணீர் ஏறும் நாட்களில், ஏதோ என் வீட்டிலேயே ஏறியது போல் நான் பதறுகிறேனே, அந்தப் பதற்றம் உம்மா தந்தது. அது சிறிய கொடை அல்ல. ஆனாலும் உம்மா தனியே தூக்கிக்கொண்டிருந்தார் என்று தெரிந்த பிறகு, எனக்கு அந்தப் பாரத்தில் ஒரு பங்கு வேண்டும் என்று தோன்றுகிறது. பத்து வயதில் அது பாரம். பதினேழு வயதில் தூக்கலாம்.

நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு வெளியேறிய வேளையில், அந்த ஊரைப் பார்த்து, அது தமக்கு எவ்வளவு பிரியமானது என்று சொன்னதாக நாங்கள் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். மதீனாவை எவ்வளவு நேசித்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஒன்றை நேசிக்க மற்றொன்றை மறக்கத் தேவையில்லை. இதை உம்மாவிடம் சொன்னேன். “ஓம்” என்றார். ‘ஓ’ என்று சொல்லவில்லை.

கடைசிச் சொல்லுக்கு வருகிறேன். வெறுமையாக விட்ட இடத்தை உம்மாவிடம் காட்டி, என்ன எழுதலாம் என்று கேட்டேன். ‘இடம்பெயர்வு’ என்றேன். “அது மழைவெள்ளம் வந்தா மேட்டுக்குப் போறது” என்றார். ‘வனவாசம்’ என்றேன். “அதுக்குக் கணக்கு இருக்கு. பதினாலு வருசத்தில முடியும்.” ‘வெளியேற்றம்’ என்றேன். அது எங்கள் ஆட்கள் 1990க்கு வைத்திருக்கும் சொல். உம்மா தலையை அசைத்தார். “இவங்கள யார் வெளியேத்தினது? இவங்க தாங்களே அவங்கட ஊரை எரிச்சாங்க. இவங்களுக்குப் போக ஆசை இருக்கு, போக ஊர் இல்ல. எங்களுக்கு ஊர் இருந்திச்சு, போகத்தான் விடல்ல. ரெண்டும் ஒன்டு இல்ல, மகள்.”

ஒரு கதையை இவ்வளவு கவனமாக யாரும் வாசித்து நான் கண்டதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் உம்மா. கடைசியில் அவரே சொன்னார்: “போக ஏலாத காலம் என்று எழுது.” அப்படியே எழுதினேன். மார்வின் தன் மக்களோடு அந்த நீண்ட, போக ஏலாத காலத்துக்குள் திரும்பிச் சென்றான் என்று என் கொப்பியில் கதை முடிகிறது.

கிளார்க் தன் 90ஆவது பிறந்த நாளில், 2007 டிசம்பரில், மூன்று ஆசைகளைச் சொன்னார். பூமிக்கு வெளியே உயிர்கள் இருப்பதற்கு ஓர் அடையாளம் கிடைக்க வேண்டும். மனிதர்கள் எண்ணெயை நம்பியிருப்பதை விட வேண்டும். மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். நான் பிறந்த வருடம் அது. நட்சத்திரங்களைப் பற்றி எழுதிய மனிதர் கடைசியில் நம் வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றதாக எனக்குத் தோன்றியது. அடுத்த மார்ச்சில் இறந்துவிட்டார். யுத்தம் முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று உம்மாவிடம் அனுமதி கேட்டேன். “எழுது. வாசிக்கிறவங்க எங்களப் பார்த்துப் பாவம் என்று சொல்ற மாதிரி எழுதாதே” என்றார். முயன்றிருக்கிறேன். வாப்பாவும் வாசித்தார். கதைப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை முடிந்ததும் கடையை இரண்டு நாள் மூடலாம் என்று மட்டும் சொன்னார்.

போன வாரம், பாடசாலைக்கு நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, உம்மா வாசலுக்கு வந்து வீதியைப் பார்த்தபடி கேட்டார்:

“அந்த யாழ்ப்பாண பஸ் எத்தனை மணிக்கு மகள் போறது?”

“ஆறேகாலுக்கு உம்மா” என்றேன்.